சுத்தமாக எரியும் என்று சொன்ன மருந்து

1991-ஆம் வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கரி துடைக்கிற நாள். மற்ற ஆறு நாளும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டர். ஏழாம் நாள் காலையில் பென்னலூரிலிருந்து சைக்கிள் மிதித்து, ஒரகடம் தாண்டி ஒரு பழைய கல்குவாரிக்குப் போவேன். அங்கே ஒரு பிஸ்டலைப் பிரித்துப் போட்டு, பிரஷ்ஷும் துணியுமாக உட்கார்ந்து அதன் உள்ளிருந்து கரியை வழித்தெடுப்பேன். அடுத்த ஞாயிறு மறுபடி அதே கரி. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு திங்கட்கிழமை ஷிஃப்டிலும் போகாது. ஒருநாள் மனைவி எனக்கு முன்னால் வைத்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "கைய கய்விகினு வா. பட்டாசு கம்பெனில வேல செய்றவன் மாரி நாறுது" என்றாள். நான் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கல் எடுத்து முடித்துக் கைவிட்ட அந்தக் குழிக்குள் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் நடந்தது. மூன்று பக்கமும் பாறைச் சுவர், குண்டு எங்கும் போகாது. ஓரத்தில் ஒரு ஷெட், ஒரு இரும்பு அலமாரி, நான்கு மேஜை. உறுப்பினர்கள் இருபது பேர் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு செயலாளர். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், தாம்பரத்தில் வீடு. கடைசியாகக் கரை இறங்கியபோது, சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்புகிற கைப்பிரஸ் ஒன்றையும் ஒரு டிரங்குப்பெட்டி நிறையத் துப்பாக்கிப் பத்திரிகைகளையும் கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டுத் தோட்டா கேட்டு எழுதினால் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் அனுமதி வாங்கி, கிளப்புக்குத் தேவையான தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிரஸ்ஸில் ஒரு பாகம் உடைந்துபோய்த்தான் அவர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தார். சூப்பர்வைசர் அவரை என்னிடம் அனுப்பினார். கடைந்து கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் பென்சிலில் ஒரு படம் போட்டு எடுத்து வந்தார். வெடிமருந்து அளக்க ஒரு சின்னப் பித்தளைக் கரண்டி. விரல்நுனி அளவுக்கு ஒரு கிண்ணம், நீட்டமாக ஒரு காம்பு. அதையும் கடைந்து கொடுத்தேன். "ஞாயித்துக்கிழம வந்து பாருப்பா, உன் கைவேலை எப்படி இருக்குன்னு" என்றார். நான் போனேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். முதல் நாளே என் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டார்.

வேலை கேட்பதற்கு எளிது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டின் அடியில் வெடித்துப்போன கேப்பை, பொறி தருகிற அந்தச் சின்ன மூடியை, தட்டி எடுக்க வேண்டும். புதுக் கேப்பை அழுத்தி, உள்ளே ஒரு கரண்டி மருந்து போட்டு, வாயில் ஈயக் குண்டைச் செருகி அமுக்கினால் தோட்டா தயார். ரிவால்வராக இருந்தால் இதில் தொல்லை கிடையாது. அது எவ்வளவு கரி பிடித்தாலும் சுற்றிச் சுற்றிச் சுடும். கிளப்பில் இருந்தது தானியங்கிப் பிஸ்டல். ஒவ்வொரு குண்டும் போகிற உதைப்பில் அதன் மேல்பாகம் பின்னால் ஓடி, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்ற வேண்டும். நடுவில் கரி சேர்ந்தால் பாதியில் நிற்கும். கூடு வெளியே வராமல் வாயில் கவ்விக்கொண்டு நிற்கும்.

நின்றால் அடிபடுவது டீச்சர். மணிமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், முப்பது வயசு இருக்கும். கிளப்பில் கையை நீட்டினால் நீட்டியபடி நிற்கிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் சத்தம் கேட்க வந்தவர்கள். பிப்ரவரியில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு போட்டி நடந்தது. ஆண், பெண் என்று பிரிக்காத போட்டி. ஐந்து ஐந்து குண்டாகச் சுட வேண்டும். துப்பாக்கி நின்றுபோனால் ஒரு தடவை மறுபடி சுட விடுவார்கள், இரண்டாம் தடவை கிடையாது. டீச்சருக்கு நான்கு தடவை நின்றது.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் அவர் என்னைப் பார்த்து, "அண்ணே, எனக்கு சுடத் தெரியலன்னா சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமையில துணியாவது தொவச்சிகினு இருப்பேன். மிசினு நிக்குதுன்னா நான் இன்னா பண்றது?" என்றார்.

"போன ஞாயித்துக்கிழமதான் டீச்சர் முழுசாத் தொடச்சேன்."

"தெரியும். உங்கள யாரு சொன்னாங்க? உள்ள போடற மருந்து அப்படி."

செயலாளரும் அதையேதான் சொன்னார். அதுவரை போட்டுக்கொண்டிருந்தது கடுகைவிடச் சின்ன உருண்டையாக, கறுப்பாக மினுக்குகிற ஒரு மருந்து. எங்கிருந்தோ எப்போதோ வந்த பழைய சரக்கு. "இது டர்ட்டி பவுடர்ப்பா. க்ளீனா எரியற பவுடர் போட்டா ஒரு பிரச்சினையும் இருக்காது" என்று ஒரு பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார். இரண்டு கைகளின் படம் போட்டிருந்தது. ஒன்றில் வெள்ளைக் கையுறை அழுக்காக, மற்றதில் சுத்தமாக. துணி சோப்பு விளம்பரம் மாதிரிதான் எனக்குப் பட்டது. அவர் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார்.

அனுமதிக் கடிதம் வாங்க மூன்று நடை காஞ்சிபுரம் போனார். பிறகு அவருடைய காரில் இரண்டு பேரும் மெட்ராஸில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். அங்கே குமாஸ்தா ஒரு டப்பாவை எடுத்து வைத்து, "இது சுத்தமா எரியும் சார்" என்றார். பக்கத்தில் இன்னொரு டப்பா இருந்தது. அது எப்படி என்று கேட்டேன். "அதுவும் சுத்தமா எரியும்."

"அப்ப அழுக்கா எரியறது எது?"

"அப்படி எதுவும் நாங்க விக்கறதில்லயே."

முதல் டப்பாவோடு வந்தோம். திறந்து பார்த்தால் மருந்து அவலை நொறுக்கிய மாதிரி மெல்லிய தகடாக, லேசாக இருந்தது. அந்த ஞாயிறு நூறு தோட்டா நிரப்பினேன். டீச்சர் சுட்டார். மூன்றாவது குண்டிலேயே நின்றது. பிரித்துப் பார்த்தால் முன்பைவிடக் கரி. அதிலும் பாதி எரிந்தும் எரியாமலும் மஞ்சள் தகடுகள், மணல் மாதிரி இடுக்கெல்லாம் உட்கார்ந்திருந்தன.

செயலாளர் குனிந்து பார்த்தார். "நல்லதுதான்ப்பா. புது பவுடர் பழைய கரிய வெளிய தள்ளுது."

"சார், பழைய கரி ஒண்ணும் இல்ல. நான்தான தொடச்சேன்."

"உள்ள இருக்கும். உனக்குத் தெரியாது."

குழல், ஸ்லைடு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் பிரித்து மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். இதற்குமேல் உள்ளே என்று எந்த இடம் இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நான்கு ஞாயிறு அந்தப் பழைய கரி வெளியே வருவதற்காகக் காத்திருந்தோம். வந்துகொண்டே இருந்தது. ஐந்தாவது ஞாயிறு, "இந்த பவுடர் நம்ம க்ளைமேட்டுக்கு ஒத்து வராது" என்று தீர்ப்புச் சொல்லி, இன்னொரு அனுமதிக் கடிதத்துக்கு எழுதினார். ஏப்ரலில் அடுத்த டப்பா வந்தது. இது சின்னச் சின்ன வட்டத் தகடு. நிரப்பினேன், சுட்டார்கள், நின்றது, துடைத்தேன். டீச்சர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். துப்பாக்கி நின்றால் அதை மேஜையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போய் நிற்பார்.

அதற்குள் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தோம். மருந்து மட்டும் அலமாரியில் இருந்தது. அந்த மே மாதம் எங்கள் பக்கத்தில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊர்களில் தீப்பெட்டி வைத்திருப்பவனைக்கூட ஒருமாதிரி பார்த்தார்கள். குவாரியில் மூன்று வகை மருந்து இருக்கிறது என்று தெரிந்ததும் போலீஸ் ஜீப் வந்தது. அலமாரிக்கு சீல் வைத்தார்கள். செயலாளர் கடிதங்களை எல்லாம் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நிரப்புகிற ஆள் நான்தானே.

எதிரே இருந்த அதிகாரி சத்தம் போடுகிறவர் இல்லை. நிதானமாகக் கேட்டார். "மூணு வகை மருந்து இன்னாத்துக்கு?"

"எது சுத்தமா எரியுதுன்னு பாக்க, சார்."

"சுத்தமா எரிஞ்சா?"

"கரி வராது சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அந்த அறையில், அந்த மாதத்தில், என் காதுக்கே அது எப்படிக் கேட்டது என்று இப்போதும் நினைவிருக்கிறது. கைரேகை எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் வரை வாரம் ஒரு தடவை போய்க் கையெழுத்துப் போட்டேன். தொழிற்சாலையில் லீவு சொல்லும்போது சூப்பர்வைசர் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டார், அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. தெருவில் ஒருவர், "இன்னாபா, குண்டு கேஸா?" என்று சாதாரணமாக விசாரித்துவிட்டுப் போனார். டீச்சரையும் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தரும் ஆள் எதற்குத் துப்பாக்கி பிடிக்க வேண்டும் என்று. அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு மனசு வரவில்லை.

செப்டம்பரில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அலமாரியில் வைத்த சீலையும் உடைத்தார்கள். பிஸ்டல் முழுக்கத் துருப்புள்ளி. இரண்டு ஞாயிறு அதற்கே போயிற்று. இனி இந்தப் பக்கமே வரக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் டீச்சர் டிசம்பரில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். செயலாளர் புதுப் பத்திரிகை ஒன்றோடு வந்து நின்றார். அதில் நான்காவதாக ஒரு மருந்தின் விளம்பரம் இருந்தது. "இதுதான்ப்பா. இத விட்டா வேற இல்ல" என்றார்.

டீச்சர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அன்று சுட்டபோது நான்காவது குண்டில் நின்றது. வழக்கம்போல ஷெட்டுக்குப் பின்னால் போகாமல், கீழே விழுந்து கிடந்த வெற்றுக்கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் கொட்டினார்.

"அண்ணே, மருந்து எரியறது கூட்டுக்கு உள்ள தான?"

"ஆமா டீச்சர்."

"அப்ப வெளிய எதுக்குக் கருப்பா கீது?"

பார்த்தேன். ஒவ்வொரு கூட்டின் வெளிப்பக்கத்திலும், வாயிலிருந்து பாதி வரை ஒரு பக்கமாகப் புகை படிந்திருந்தது. நூற்றுக்கணக்கான கூடுகளை இந்தக் கையால் துடைத்திருக்கிறேன். துடைப்பது வேலை என்று துடைத்தேனே தவிர, ஏன் அங்கே கரி என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. பித்தளை மெல்லிசு. உள்ளே அழுத்தம் சரியாக இருந்தால் அது உப்பி, சுற்றி உள்ள இரும்போடு ஒட்டி, புகை பின்னால் வராதபடி அடைத்துக்கொள்ள வேண்டும். புகை வெளிப்பக்கம் வந்திருக்கிறது என்றால் கூடு உப்பவே இல்லை. அழுத்தம் போதவில்லை.

"பம்ப் ஸ்டவ்வுல காத்து அடிக்காம பத்த வெச்சா எப்படி எரியும் டீச்சர்?"

"மஞ்சளா எரியும். பாத்திரம் பூரா கரி."

"அதான் இங்க நடக்குது. மருந்து கம்மி."

"நீங்கதான அளந்து போடறீங்க?"

நான்தான். அந்தக் கரண்டியால்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்டியை நான் கடைந்தது முதல் மருந்துக்கு. உருண்டை உருண்டையாகக் கனமாக இருந்த பழைய மருந்துக்கு. அது நின்றது சரக்கு பழசாகிக் கெட்டதால். அதற்குப் பிறகு வந்தவை இரண்டும் அவல் மாதிரி லேசு. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா? மருந்தை மாற்றினோம், அனுமதி வாங்கினோம், மெட்ராஸ் போனோம், சீதோஷ்ணத்தைக் குறை சொன்னோம். கரண்டியை யாரும் மாற்றவில்லை. ஒரு இஞ்சில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பிசகினால் தூக்கிப் போடுகிற டூல் ரூமில் வேலை பார்ப்பவன் நான். நானும் மாற்றவில்லை.

செயலாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரித்தார். "கரண்டி கரெக்டுதான்ப்பா. நான் கணக்குப் போட்டுத்தான படம் குடுத்தேன்."

"அது அந்த மருந்துக்கு, சார்."

"பவுடர்னா பவுடர்தான்."

"எடை போட்டுப் பாத்துடலாம் சார்" என்றார் டீச்சர்.

"அதுக்கெல்லாம் ஸ்பெஷல் ஸ்கேல் வேணும்மா."

"அலமாரி மேல் தட்டுல நீலப் பெட்டில வெச்சிருக்கீங்களே, அது இன்னா?"

கப்பலிலிருந்து பிரஸ்ஸோடு வந்த தராசு அது. கை பட்டால் கெட்டுவிடும் என்று ஒருநாளும் அவர் வெளியே எடுத்ததில்லை. போலீஸ் சீல் வைத்தபோதுகூட முதலில் அதற்குத்தான் பதறினார். டீச்சர் அவருடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியை இறக்கி மேஜையில் வைத்து, காற்று படாமல் ஷெட் கதவைச் சாத்தினார். பிரஸ்ஸோடு வந்த புத்தகத்தில், அப்போது சுட்டுக்கொண்டிருந்த வட்டத் தகடு மருந்துக்கு என்ன எடை போட்டிருக்கிறது என்று செயலாளரையே படிக்கச் சொன்னார். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். நான் ஒரு கரண்டி அள்ளித் தட்டில் போட்டேன். இருக்க வேண்டியதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இன்னொரு டப்பா மருந்தையும் போட்டோம். அது அதைவிடக் குறைவு.

செயலாளர் தராசின் முள்ளைத் தட்டிப் பார்த்தார். "ஸ்கேல் பழசு" என்றார்.

டீச்சர் தராசைப் பெட்டியில் வைத்து மூடினார். கதவைத் திறந்துவிட்டார். நான் வெளியே நடந்துவிட்டேன். நின்று பேசியிருந்தால் எட்டு மாதத்துக்கும் சேர்த்துப் பேசியிருப்பேன். இதில் இன்னொன்றும் இருந்தது, அன்று ராத்திரி படுக்கும்போதுதான் தோன்றியது. முதலில் லேசான மருந்துக்குக் கரண்டி செய்து, பிறகு கனமான மருந்து வந்திருந்தால் அளவு கூடியிருக்கும். பிஸ்டல் டீச்சர் கையிலேயே வெடித்திருக்கும். கரியோடு போனதே அதிர்ஷ்டம். அடுத்த ஞாயிறு அந்தப் பழைய கரண்டியின் காம்பை உடைத்துத்தான் மறு வேலை பார்த்தேன். இரண்டு மருந்துக்கும் தராசில் வைத்துச் சரிபார்த்து இரண்டு கரண்டி புதிதாகக் கடைந்தேன். எது எந்த மருந்துக்கு என்று காம்பிலேயே வெட்டிவிட்டேன். அதோடு விடாமல், புத்தகத்தில் உள்ள எடையைத் தாண்டாதபடி ஒவ்வொரு பத்துத் தோட்டாவுக்கும் ஒன்றை எடை போட்டோம்.

டீச்சர் சுட்டார். ஐம்பது குண்டு, ஒரு தடவைகூட நிற்கவில்லை. கூட்டின் வெளிப்பக்கம் பித்தளையாகவே இருந்தது. அதற்காகக் கையுறைப் படம் மாதிரி ஆகிவிட்டது என்று இல்லை. ஈயக் குண்டுக்குத் தடவுகிற மெழுகு எரிந்து கொஞ்சம் புகை வரத்தான் செய்தது, துடைக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அரை மணியில் முடிகிற வேலை. இன்னொரு வயிற்றெரிச்சல், க்ளைமேட்டுக்கு ஒத்து வராது என்று ஒதுக்கிய அந்த அவல் மருந்துதான் இரண்டில் நன்றாக எரிந்தது. அதை முக்கால் டப்பாவுக்குமேல் கரியாக்கித் தீர்த்திருந்தோம். மிச்சம் இருந்தது போட்டிக்குக் காணாது. அதனால் டிசம்பருக்கு வட்டத் தகடு மருந்தையே வைத்துக்கொண்டோம்.

போட்டிக்கு நானும் போனேன். துப்பாக்கி கடைசி வரை நிற்கவில்லை. டீச்சர் நான்காவதாக வந்தார். மூன்றாம் இடத்துக்கு இரண்டு புள்ளி குறைவு. வெளியே வந்து பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே" என்றார். "எட்டாவது குண்டுல நான் அவசரப்பட்டேன். நல்லாத் தெரியுது. இத்தினி நாளா மிசினு மேலயே கண்ணா இருந்து, என் கை எங்க தப்பு பண்ணுதுன்னு பாக்கவே இல்ல." சொல்லும்போது கோபமாகத்தான் சொன்னார். ஆனால் பிப்ரவரியில் பஸ் ஸ்டாண்டில் பார்த்த முகம் இல்லை அது.

ஜனவரியில் கிளப்பின் ஆண்டறிக்கை வந்தது. சைக்ளோஸ்டைல் தாளில் செயலாளர் எழுதியிருந்தார்: பல வகை மருந்துகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, நம் சூழ்நிலைக்கேற்ற சுத்தமான மருந்தைச் செயலாளர் தேர்ந்தெடுத்ததன் பலனாகத் துப்பாக்கிக் கோளாறு நீங்கியது. கரண்டியைப் பற்றியோ தராசைப் பற்றியோ ஒரு வரி இல்லை. நான் அந்தத் தாளை டீச்சரிடம் நீட்டினேன். படித்துவிட்டு மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்தார். மேஜை நின்றது. தராசை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டு, "இனிமே நானே ரொப்பிக்கிறேன்" என்றார்.

அன்றிலிருந்து நிரப்புவது, எடை போடுவது, கூடுகளை எண்ணி அடுக்குவது எல்லாம் அவர் வேலையாயிற்று. துடைப்பதையும் அவரே எடுத்துக்கொண்டார். நான் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு வருஷமாக எப்போது விடுபடுவோம் என்றிருந்தவன் நான். இப்போது ஞாயிறு காலைகளில் ஷெட் வாசலில் தினசரியை விரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் பிஸ்டலைப் பிரிக்கும்போது ஸ்பிரிங்கை இடது பக்கம் வைக்காமல் வலது பக்கம் வைக்கிற சத்தம் கேட்கும். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.